மதியத்துக்குள் வந்துவிடுவார்

எங்கள் ஊரில் படம் இல்லாத சுவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டு இது. மீனையும் நிலக்கடலையையும் விட்டால் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு ஓவியர்கள் கும்பலாக வந்து இறங்கி, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்களை எல்லாம் பூவும் மீனும் முகமுமாக மாற்றிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து பழைய நகரத்துப் பக்கமிருந்து காலையில் வேன்கள் வருகின்றன. அரை நாள் சுற்றுலா. வருகிறவர்கள் ஒவ்வொரு சுவரிலும் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள், இளநீர் குடிப்பார்கள், வெயில் உச்சிக்கு வருவதற்குள் கிளம்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஊர் எங்களுடையது.

கடற்கரைப் பாதையில் கடைசி வீடு லியூவுடையது. அதன் தெருப்பக்கச் சுவரில் நிற்பவன் அவள் புருஷன் கியெம். தோளில் வலை, உதட்டில் பாதிச் சிரிப்பு, பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கிற பார்வை. என்ன வரையட்டும் என்று ஓவியர்கள் கேட்டபோது மற்றவர்கள் தாமரை என்றார்கள், திமிங்கிலம் என்றார்கள். லியூ பெட்டியைத் திறந்து புருஷனின் போட்டோவை நீட்டினாள். அவனுக்கென்று இருந்தது அந்த ஒரே போட்டோதான். சாரத்தில் வைத்துப் பார்த்து வரைந்தபோது பெயிண்ட் டப்பா கவிழ்ந்து அதுவும் பாழாய்ப் போயிற்று. ஓவியன் அழாக்குறையாக மன்னிப்புக் கேட்டான்.

"போனாப் போவுது விடுங்க. ஆளையே பெருசாக் குடுத்துட்டீங்களே" என்றாள் லியூ.

கியெம் கடலுக்குப் போய் அப்போதே பல வருஷம் ஆகியிருந்தது. புயலில் மாட்டிய படகு அது. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. கூடப் போனவர்களின் வீட்டார், உடல் கிடைக்காதவர்களுக்கு எங்கள் கடற்கரையில் செய்கிற வழக்கப்படி, காற்றுச் சமாதி கட்டினார்கள். களிமண்ணில் ஆள் உருவம் பிடித்து, எலும்புக்கு மல்பெரிக் குச்சிகளைச் செருகி, அலையோரம் நின்று போனவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அந்த உருவத்துக்குள் வரவழைத்துப் புதைப்பார்கள். லியூ மட்டும் முடியாது என்றுவிட்டாள். இன்றைக்கு மண்ணைப் புதைத்து, நாளைக்கு மனுஷன் வாசலில் வந்து நின்றால் எந்த முகத்தோடு சோறு போடுவது என்று கேட்டாள். அவளோடு வாதாடி ஜெயித்தவர் எங்கள் ஊரில் யாரும் கிடையாது.

வேன் முதன்முதலாக வந்த அன்று, ஆட்களைக் கூட்டிவந்த வீ என்கிற பெண் சுவரைக் காட்டிக் கேட்டாள்: "யாருக்கா இது?"

"எங்க வீட்டுக்காரரு."

"இப்ப எங்க இருக்காரு?"

செத்துட்டார் என்று சொல்ல லியூவுக்கு நாக்கு புரளவில்லை. "கடலுக்குப் போயிருக்காரு" என்றாள்.

வீ பேச்சை வைத்துப் பிழைக்கிறவள். கூட்டத்தின் பக்கம் திரும்பி, இவர்தான் இந்த வீட்டுக்காரர், விடியற்காலையில் கடலுக்குப் போயிருக்கிறார், மதியத்துக்குள் வந்துவிடுவார் என்று அவர்கள் மொழியில் அளந்துவிட்டாள். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கடலைத் திரும்பிப் பார்த்தார்கள். லியூவும் பார்த்தாள்.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஊரார் வாய் சும்மா இருக்குமா, நடந்தது என்ன என்று வீயின் காதுக்குப் போகத்தான் செய்தது. அவள் பதறி, கதையை நிறுத்திவிடவா என்று கேட்டாள். லியூ ஒரு இளநீரை வெட்டி அவள் கையில் கொடுத்தாள். வீ புரிந்துகொண்டாள். அப்படியாக, முன்பின் தெரியாத ஒரு வேன் ஜனம் தினமும் கியெம் உயிரோடிருப்பதாக நம்பியது. இளநீர் வெட்டிக்கொண்டே லியூவும் அவர்களோடு சேர்ந்து நம்பினாள். வேன் கிளம்பியதும் அவன் செத்துப்போவான். மறுநாள் ஹாரன் சத்தம் கேட்டதும் பிழைத்துக்கொள்வான். இது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தாள், அதில் ஒரு சுகம் இருந்தது.

அந்தச் சுகத்தில் மண் போட்டது சுவர்தான். உப்புக் காற்றடிக்கிற ஊரில் சுவர் ஓதம் காப்பது அதிசயமில்லை. ஆனால் கியெம் படத்தில் ஓதம் காலிலிருந்து மேலே ஏறியது. ஒரு மழைக்காலத்தில் பாதம் உதிர்ந்தது, அடுத்ததில் முழங்கால் போயிற்று. இப்போது இடுப்புக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். ஆள் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டே திரும்பிப் பார்ப்பதாகத்தான் யாருக்கும் தோன்றும். வீட்டின் உட்பக்கத்திலும் சரியாக அதே இடத்தில், தோள் அகலத்துக்கு, ஒரு முதுகைப் போல ஓதம் படர்ந்திருந்தது. அதை ஒட்டித்தான் லியூ கட்டிலைப் போட்டிருந்தாள். வெயில் தாழ்ந்தபின் கைவைத்தால் சுவர் உடம்புச் சூட்டில் இருக்கும். சில நாள் உள்ளேயிருந்து வலை முடிகிற ஊசியின் டிக் டிக் சத்தம் கேட்கும். பல்லி என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். பயம்தான், ஆனாலும் கட்டிலை நகர்த்த மனம் வரவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்குள் கல்யாணம் வந்தது. ஒரே மகள் தாவ், தையல் ஃபாக்டரியில் வேலை. மாப்பிள்ளை ஆற்றுக்கு அக்கரை. நாள் குறித்த கையோடு, கியெமின் தம்பி டென் வந்து உட்கார்ந்தார். படகுத்துறையில் ஆள் ஏற்றி இறக்குகிறவர், சத்தமாகத்தான் பேச வரும்.

"அண்ணி, மாப்பிள்ள வீட்டுக்காரங்க வெத்தல பாக்குத் தட்டோட வந்து நிப்பாங்க. பொண்ணும் மாப்பிள்ளயும் பொண்ணோட அப்பனக் கும்பிட்டாத்தான் கல்யாணம். உசுரோட இருக்கவன்னா நாற்காலியில உக்காந்திருக்கணும். செத்தவன்னா முன்னோர் பீடத்துல இருக்கணும். எங்கண்ணன் ரெண்டுலயும் இல்ல. புள்ள எங்க பாத்துக் கும்பிடும்?"

"சுவத்துல இருக்காருல்ல. வெளிய வந்து கும்பிடட்டும்."

"பேஷ்! வேன்ல வர்றவன் அதையும் போட்டோ புடிச்சுட்டுப் போவான். அப்படியே ஆளுக்கொரு எளனி குடுத்துருங்க, விருந்தும் முடிஞ்சுரும்."

தாவ் சிரிக்கவில்லை. "அம்மா, அப்பா என் கனவுல வர்றாரு. வாசலுக்கு வெளிய நனைஞ்சுபோய் நிக்கறாரு. உள்ள வாங்கப்பான்னா, 'உங்கம்மா விடமாட்டேங்கறா'ங்கறாரு. குளுர்ல பல்லு கிட்டிப்போய் நிக்கறாரும்மா."

நனைந்த மனுஷன் என்றதும் உள்சுவரில் ஓதமாய்ப் படர்ந்த அந்த முதுகுதான் லியூவின் கண்முன் வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "கண்டதத் தின்னுட்டுப் படுத்தா கனவு வரத்தான் செய்யும்" என்று எரிந்துவிழுந்தாள்.

டென் குரலைத் தணித்தார். "இப்ப சமாதி கட்டினா துக்கம் வந்து கல்யாணம் நின்னுருமோன்னு யோசிக்காதீங்க அண்ணி. துக்கம் புயல் அடிச்ச வருசத்துலேர்ந்துதான் கணக்கு. அதெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சு போச்சா?" லியூ நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லயே தம்பி."

டென் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தாவ் மட்டும் கதவோரம் நின்றாள்.

"சரிம்மா. நான் யாரையும் கும்பிடாமயே போறேன். அப்பன் பேரு தெரியாதவ மாதிரி போறேன்."

மகள் சொன்னது லியூவின் நெஞ்சில் முள்ளாக ஏறிக்கொண்டது. இரண்டு நாள் தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் வந்த வேனில் ஒரு கொரியப் பெரியவர் இருந்தார். ஷிம் என்று பெயர். போன வருஷமும் வந்தவராம். இறங்கினதும் நேராகச் சுவருக்குப் போனார், இடுப்புவரை அழிந்திருப்பதைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பைக்குள்ளிருந்து துணியில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, லியூவின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் படமெடுத்து முடித்து வேனில் ஏறினார்கள். ஷிம் எழுந்திருக்கவில்லை. வீ போய்க் கூப்பிட்டாள், பேசினாள், திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, போன தடவ வேன் சீக்கிரம் கிளம்பிட்டதால வீட்டுக்காரரப் பாக்க முடியலயாம். இந்தத் தடவ பாத்துட்டுத்தான் போவாராம். தனியாக் கார் வெச்சுப் போய்க்கறேங்கறாரு. உங்க வீட்டுக்காரருக்குன்னு ஏதோ கொண்டாந்திருக்காரு."

வேன் போயிற்று. வீ மட்டும் தங்கிவிட்டாள். வெயில் உச்சிக்கு ஏறியது. வீடு தேடி வந்த பெரியவரைப் பட்டினி போடக் கூடாது என்று லியூ உள்ளே போய், மஞ்சள் நூடுல்ஸில் இறாலும் கீரையும் போட்டு, வறுத்த கடலையைத் தூவி, கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள். தாவ் உள்ளே ஜன்னலோரம் கல்யாணத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

ஷிம் இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு அதை மெதுவாகத் தள்ளிவைத்துவிட்டு ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"வீட்டுக்காரரு கடல்லேர்ந்து பசியோட வருவாராம். அவரு வந்ததும் சேந்து சாப்பிட்டுக்கறாராம்."

ஷிம் கடலைப் பார்த்து உட்கார்ந்தார். கிண்ணத்தில் ஆவி அடங்கியது. கீரை வாடியது. ஒரு ஈ வந்து உட்கார, அவர் கையால் ஓட்டிவிட்டு மறுபடி கடலைப் பார்த்தார். தூரத்தில் ஒரு பரிசல் தெரிந்ததும் பாதி எழுந்து, அது வேறு பக்கம் போனதும் உட்கார்ந்தார். பசி அவர் முகத்தில் தெரிந்தது. லியூவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. இத்தனை வருஷம் ஊரார் தன்னை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று அன்றுதான் அவளுக்கு உறைத்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. இந்த மனுஷர் இப்படியே உட்கார்ந்திருப்பார், இவருக்குப் பின்னால் தாவ் உட்காருவாள், அவள் வயிற்றில் பிறப்பதும் இதே நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்க்கும்.

"வீ, அவரச் சாப்பிடச் சொல்லு."

"சொல்லிப் பாத்துட்டேன்க்கா. மாட்டேங்கறாரு."

"அவரு வரமாட்டாருன்னு சொல்லு."

வீ அவளையே பார்த்தாள். "வர லேட்டாவும்னு சொல்லட்டுமா?"

"இல்ல. செத்துட்டாருன்னு சொல்லு. புயல்ல போயிட்டாரு. தாவுக்கு ஒம்பது வயசு அப்ப. எங்க வீட்டுக்காரரு செத்துட்டாரு."

உள்ளே துணி மடிக்கிற அரவம் நின்றுவிட்டது.

வீ தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஷிம் எழுந்தார். மடியிலிருந்ததைப் பிரித்து, தலை குனிந்து, லியூவின் கையில் கொடுத்தார். போன வருஷம் எடுத்த போட்டோ, கண்ணாடி போட்டு, சட்டம் அடித்தது. அப்போது ஓதம் இத்தனை ஏறியிருக்கவில்லை. கியெம் தோளில் வலையோடு சிரிக்கிறான். பக்கத்தில் ஷிம் நின்று, நெடுநாள் சிநேகிதரைப் போல அவன் தோளில் கைபோட்டிருக்கிறார். கொடுத்துவிட்டு அவர் உட்கார்ந்து, ஆறிப்போன நூடுல்ஸை ஒரு இழை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் சமாதி கட்டியாயிற்று. டென்தான் குச்சி வெட்டிவந்தார். களிமண்ணில் உருவம் பிடிக்கும்போது சடங்குக்காரரை விலக்கிவிட்டு லியூவே தோளைப் பிடித்தாள். அகலம் அவளுக்குத்தான் தெரியும். அலையோரம் நின்று கூப்பிடச் சொன்னார்கள். எல்லோரும் கூப்பிட்டார்கள், அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீரும் வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று பெண்கள் முணுமுணுத்தார்கள்.

பீடத்தில் வைக்கப் படம் வேண்டுமே. சுவரில் இப்போது பாதி ஆள்தான்; அதற்கு முன்னால் எடுத்ததென்று கையில் இருந்தது ஷிம் கொடுத்த அந்த ஒன்றுதான். டென் கத்தரிக்கோலை எடுத்து ஷிம்மை வெட்டி எடுத்தார். எவ்வளவு ஒட்டி வெட்டியும் அவருடைய விரல்களை எடுக்க முடியவில்லை. எடுத்தால் கியெமின் தோளும் போய்விடும். விரல்களோடேயே சட்டத்தில் போட்டு, பீடத்தில் வைத்து, ஊதுபத்தி ஏற்றினார்கள்.

கல்யாணத்தன்று காலையில் தாவ் சிவப்பு நீளங்கி உடுத்தி, மாப்பிள்ளையோடு பீடத்தின் முன் வந்து நின்றாள். டென் முன்னோர்களின் பெயர்களை வரிசையாக வாசித்தார். கடைசியாக, "காலஞ்சென்ற தகப்பனார் கியெம்" என்று சத்தமாகச் சொன்னார். தாவ் குனிந்து கும்பிட்டாள்.

அப்போதுதான் லியூவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் யாருக்கும் புரியவில்லை, இருமுகிறாள் என்று நினைத்தார்கள். அவள் பீடத்தின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு, மூச்சு இரைக்க, நேற்றுத்தான் சேதி வந்தது போல அழுதாள். பெண்கள் பதறி ஓடிவந்தார்கள். கல்யாண வீட்டில் அழலாமா, ஆகாது, வாயை மூடுங்கள், உள்ளே கூட்டிப் போங்கள் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். டென் அவள் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்.

தாவ் கும்பிட்ட கையை இறக்கினாள். "விடுங்க சித்தப்பா. அம்மா அழட்டும்" என்று சொல்லிவிட்டு, சிவப்பு நீளங்கியோடு தாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

வாசலில் மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலைத் தட்டுகளை ஏந்தியபடி வெயிலில் நின்றார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.