மச்சான் கையெழுத்திட்ட கடிதம்

தங்கை போன மாதம் காலமானாள். அவள் கணவர் அவளுக்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டார். இனி இதைச் சொன்னால் நோவதற்கு ஆளில்லை. அவர்கள் இருக்கும்போது வாய் திறக்காதவன் இப்போது எழுத வந்துவிட்டான் என்று யாராவது ஏசினால், ஏசட்டும். அதில் பிழையொன்றும் இல்லை.

தங்கையின் கணவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். கிள்ளானுக்கு அடுத்த காப்பார் பக்கம் மூன்று ரப்பர் தோட்டங்களுக்கும் பொதுவாக ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பலகைக் கட்டடம், பத்துப் பன்னிரண்டு கட்டில், அவ்வளவுதான். மச்சான் அங்கே டிரெஸர். டாக்டர் மாதம் இரண்டு முறை வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கு மருந்து கலக்குவதும், வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போடுவதும், பிள்ளைப்பேறு சிக்கலானால் ஓடுவதும் அவர்தான். தோட்டத்துக்குத் தோட்டம் போய்வர அவருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தார்கள். மச்சான் அதிகம் பேசாதவர். அந்த மோட்டார் சைக்கிள்மேல் ஏறி உதைத்துக் கிளப்பும்போது மட்டும் முகத்தில் ஒரு பெருமை தெரியும். மாலையில் கட்டுத்துணியின் மிச்சத்தால் அதைத் துடைத்து வைப்பார். தங்கை கேலி செய்வாள். அவர் காதில் விழாதது போல இருப்பார்.

அந்த மூன்று தோட்டங்களில் ஒன்றை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரைதான் அவர்மேல் காரை மோதியது. காலை வேளை. தொழிலாளர் லயத்தில் காய்ச்சலில் கிடந்த ஒருவருக்கு மருந்து கொடுத்துவிட்டு மச்சான் மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார். செம்மண் சாலையில் ஒரு மதகுக்குப் பக்கத்தில் வளைவு. துரை தன் காரில் வந்தவர், வளைவைச் சுற்றி வராமல் குறுக்கே வெட்டிக்கொண்டு மச்சான் பக்கம் வந்துவிட்டார். பால்வாளியோடு நடந்துபோன, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண் ஒருத்தி அதை நேரில் பார்த்தாள். மச்சானைக் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வலது கால் நசுங்கியிருந்தது. மூன்றாம் நாள் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

எனக்கு அப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வீடு, ரயில்வே ஆபீஸில் கிளார்க் வேலை. ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். தோட்டங்களில் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆபீஸிலும் காலையில் வந்தவனுக்கு மாலையில் சீட்டுக் கிழிவது சாதாரணமாகியிருந்தது. யார் தும்மினாலும் வேலை போய்விடும் என்று பயந்து நடந்தோம்.

இதோடு, என் இங்கிலீஷைப் பற்றி எனக்கு இருந்த தலைக்கனத்தையும் சொல்ல வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் லீவு கேட்க, மன்னிப்புக் கேட்க, போன வேலையைத் திரும்பக் கேட்க எவனுக்குக் கடிதம் தேவைப்பட்டாலும் என் வீட்டுக்குத்தான் வருவான். துரைமாருக்கு எழுதுவதில் ஒரு முறை உண்டு. முதலில் காலில் விழ வேண்டும். குற்றம் செய்தாயோ இல்லையோ, செய்ததாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு அவருடைய தயாள குணத்தைப் புகழ வேண்டும். கடைசி வரியில்தான் உனக்கு வேண்டியதைக் கேட்கலாம். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். எங்களுக்கு அது வணக்கம் சொல்வது மாதிரி. அந்தச் சொற்களுக்கு உள்ளே பொருள் ஒன்று இருக்கிறது என்றே நாங்கள் நினைத்ததில்லை.

கார் நொறுங்கியதில் துரைக்குக் கோபம் என்று பேச்சு அடிபட்டது. ஆஸ்பத்திரியை நடத்தும் மூன்று பேரில் அவர் ஒருவர். அவர் ஒரு சொல் சொன்னால் மச்சானின் வேலை போகும், இருந்த வீடும் போகும். அதனால் நான் முந்திக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு ஆபீஸ் டைப்ரைட்டரில் உட்கார்ந்து மச்சான் எழுதுவது போல ஒரு கடிதம் அடித்தேன். ஒற்றைக் காலோடு உட்கார்ந்தபடியே மருந்து கலக்கும் வேலையாவது தர வேண்டும் என்பதுதான் அதில் கேட்டது. ஆனால் அதற்கு முன்னால், முறைப்படி, இப்படி ஒரு வாக்கியம் வைத்தேன். 'என்னுடைய கவனக்குறைவால் தங்கள் மோட்டார் காருக்கும் தங்கள் மன அமைதிக்கும் நேர்ந்த இடைஞ்சலுக்காகத் தங்கள் பாதங்களில் விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.' அடித்து முடித்துவிட்டு இரண்டு தரம் வாசித்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் கிள்ளானுக்குக் கொண்டுபோனேன். மச்சானுக்கு வலி மருந்து கொடுத்திருந்தார்கள். கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாகக் கிடந்தார்.

"என்ன எழுதியிருக்கிறியள்?" என்று கேட்டார்.

"வழமையா எழுதுறதுதான், மச்சான். வேலையை விட்டு நிப்பாட்டாதேங்கோ எண்டு. கையெழுத்தைப் போடுங்கோ."

பேனாவை விரலிடுக்கில் வைத்துவிட்டு, கடிதத்தை ஓர் அட்டைமேல் வைத்து நானே பிடித்துக்கொண்டேன். அவர் போட்டார். கையெழுத்து ஒரு பக்கமாகச் சரிந்து போயிருந்தது.

துரையிடமிருந்து பதிலே வரவில்லை. இரண்டு மாதத்தில் வேறொரு டிரெஸரை வைத்துக்கொண்டார்கள். தங்கை இரண்டு பெண் பிள்ளைகளோடு கிள்ளானில் ஒரு கடைக்குப் பின்னால் ஓர் அறைக்கு வந்து சேர்ந்தாள். அப்போதுதான் யாரோ சொல்லி, ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் இருந்த ஒரு வக்கீலிடம் போனோம். எங்கள் ஊர்க்காரர், கறாரானவர். பால்வாளிப் பெண் சாட்சி சொல்ல வருவாள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்ல கேஸ். நஷ்டஈடு கிடைச்சால் ஒரு மருந்துக் கடை போட்டுக்கொண்டு மரியாதையா இருக்கலாம். ஆனா ஒண்டு. உங்கடை பக்கம் கொஞ்சம் பிழை இருக்கெண்டு கோர்ட் நினைச்சாலும் ஒரு சதமும் வராது. சட்டம் அப்பிடி. துரைக்கு ஏதும் எழுதிக் கொடுத்தனீங்களோ?"

மச்சான் இல்லை என்று தலையாட்டினார். அவருக்கு நிஜமாகவே நினைவில்லை. எனக்கு நினைவு வந்தது. அது மரியாதைக்கு எழுதிய கடிதம்தானே, குப்பைக்கூடைக்குப் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடிதங்களில் துளை போட்டுக் கோப்பில் கோத்து வைப்பதுதான் என் பிழைப்பு. ஆபீஸ்களில் ஒரு தாளைக்கூட எறிவதில்லை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

வழக்கு கோலாலம்பூரில், ஆற்றங்கரைக் கோர்ட்டில் நடந்தது. நான் லீவு போட்டுக்கொண்டு போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். முதலில் அந்தப் பெண் ஏறினாள். அந்தத் துரையின் தோட்டத்திலேயே கூலிக்குப் பால் வெட்டுகிறவள். துரை ஐந்தாறு அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு சொன்னாள்.

"தொரை காருதாங்க வளைவ வெட்டிக்கிட்டு வந்துச்சு. டிரெஸர் ஐயா ஓரமாத்தான் வந்தாரு. நான் பொய் சொல்லலீங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் அவளைப் புரட்டிப் புரட்டிக் கேட்டார். அவள் சொன்னதையே சொன்னாள். எங்கள் வக்கீல் திரும்பி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

அடுத்து மச்சான். கக்கத்தில் கட்டைகளை ஊன்றிக் கூண்டுக்குள் ஏறவே நேரம் பிடித்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அவரிடம் நல்லபடியாகவே பேசினார். பிறகு ஒரு தாளை எடுத்து நீட்டி, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். மச்சான் பார்த்துவிட்டு ஆம் என்றார். வக்கீல் அதை நிதானமாக, சத்தமாக வாசித்தார். கவனக்குறைவு என்ற சொல் வந்த இடத்தில் நிறுத்தி, நீதிபதியைப் பார்த்து, அந்த வரியை மறுபடி வாசித்தார். என் இங்கிலீஷை ஒரு வெள்ளைக்காரர் அவ்வளவு திருத்தமாக வாசித்து நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

"இதை எழுதியது யார்?" என்று வக்கீல் கேட்டார்.

மச்சான் தலையைத் தூக்கிப் பின் பெஞ்சைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது என்று நினைக்கிறேன். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

"சொன்னது நான். ஆஸ்பத்திரி வாசலில் மனு எழுதுகிறவர் ஒருவர் டைப் அடித்துக் கொடுத்தார்" என்று இங்கிலீஷில் சொன்னார். சாமி மேல் சத்தியம் செய்துவிட்டுக் கூண்டில் நின்றவர். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாமல் பச்சைத்தண்ணீர் குடிக்காத மனிதர்.

மத்தியான இடைவேளையில் எங்கள் வக்கீல் தாழ்வாரத்தில் எங்களைப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்திருந்தது.

"அந்த மனு எழுதினவன் ஆர்? அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கோ. இவர் மருந்து மயக்கத்திலை கிடந்தார், வாசிக்காமல் கையெழுத்து வைச்சார், சொல்லெல்லாம் என்ரை சொல்லுத்தான் எண்டு அவன் கூண்டிலை ஏறிச் சொன்னால் இன்னும் வழி இருக்கு."

நான் மச்சானின் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். என் ஆபீஸ் பெரிய துரையும் இந்தத் துரையும் ஒரே கிளப்பில் உட்கார்ந்து குடிக்கிறவர்கள். அரசாங்க டைப்ரைட்டர். வீட்டில் ஐந்து பிள்ளைகள். இத்தனையும் ஒரு கணத்தில் என் மண்டைக்குள் ஓடின. மச்சானின் கால் அந்த வரிசையில் வரவில்லை.

"அவர் இப்ப இங்கை இல்லை, ஐயா. ஊருக்குப் போயிட்டார்" என்றார் மச்சான்.

வக்கீல் கையை உதறிக்கொண்டு போனார். நாங்கள் இருவரும் மெல்ல உள்ளே நடந்தோம். வாசற்படியில் அவருக்குக் கை கொடுத்தேன். அப்போது மச்சான் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"உங்கடை வேலையும் போனா ரெண்டு வீடும் எப்பிடிச் சாப்பிடுறது?"

அவ்வளவுதான். அந்தக் கடிதத்தைப் பற்றி என்னிடம் அவர் பேசியது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி, பிறகு அழுது, ஏதோ ஒரு வகையில் முடிந்திருக்கும்.

வழக்குத் தள்ளுபடியானது. தன் பிழை என்று வாதியே எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு ஒரு தோட்டத் தொழிலாளியின் சாட்சியை எப்படி ஏற்பது என்று நீதிபதி சொன்னார். அந்தப் பெண்ணை அடுத்த மாதமே தோட்டத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பந்திங் பக்கம் போனாள் என்றார்கள். நான் தேடிப் போகவில்லை. போய் அவள் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? அவளுக்கு இழப்பதற்கு இருந்தது அந்த லயத்து அறை ஒன்றுதான். அதுவும் போகும் என்று தெரிந்தே அவள் கூண்டில் ஏறிச் சொன்னாள்.

மச்சான் கிள்ளான் கடைத்தெருவில் வேறொருவருடைய மருந்துக் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினார். தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் ஒட்டுவதை நிறுத்திவிட்டு, அது போய்த் தேயும்வரை அப்படியே இருப்பார். தங்கை ரவிக்கை தைத்தாள். மூத்த பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித் தையலில் உட்கார வைத்தார்கள். நான் சம்பளம் வாங்கியதும் என்னால் முடிந்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். தங்கை கண் கலங்கி வாங்குவாள். இப்படி ஓர் அண்ணன் யாருக்கு வாய்க்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். இருந்தும் ஒருநாளும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை.

வழக்கு முடிந்து ஏழெட்டு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போயிருந்தேன். தங்கை மீன் குழம்பு வைத்திருந்தாள். மச்சானும் நானும் எதிரெதிரே சாப்பிட உட்கார்ந்தோம். அவருக்கு இருந்த ஒரு காலை மடித்துத் தரையில் உட்காருவது கஷ்டம், ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். மூத்தவள் மூலையில் தலை குனிந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் தங்கைக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்துவிட்டது. அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டு மச்சான் பக்கம் திரும்பினாள்.

"வீட்டிலை இங்கிலீசு படிச்ச மனிசன் இருக்கேக்கை ஆரோ வாசல்லை இருக்கிறவனைப் பிடிச்சுக் கடிதம் எழுதுவிச்சியளே. அண்ணையைக் கேட்டிருந்தா வடிவா எழுதித் தந்திருப்பார். எங்களுக்கு இந்த நிலை வந்திருக்குமோ?"

என் கையில் பிசைந்த சோறு இருந்தது. மச்சான் குழம்பை இழுத்துப் பிசைந்தார்.

"ஓம். கேட்டிருக்கலாம்" என்றார்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டியைத் துழாவி ஒரு நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து என் தட்டில் வைத்தாள். நான் சாப்பிட்டேன்.