உப்புக்குள் தண்ணீர்

எங்கள் சாயப்பட்டறைக்கு வாங்கும் சோடியம் அசிடேட் மூட்டையில் ‘ட்ரைஹைட்ரேட்’ என்று அச்சடித்திருப்பதை, பி.எஸ்சி. வேதியியல் படிக்கும் என் மகள் இன்று காலை படித்துவிட்டாள்.

"நூத்துக்கு நாப்பது தண்ணிங்கம்மா இது."

கைவிட்டு அளைந்து பார்த்தேன். கல்கண்டு போல உலர்ந்துதான் இருந்தது. பாலில் கலந்தால் கண்டுபிடித்துவிடுவேன். உப்பில் கடைக்காரர் எப்படிக் கலந்தார்?

ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு கெமிக்கல் கடைக்குப் போனேன்.

"ஏனுங்க பாய், இதுல தண்ணி இருக்குதாமா?"

"இருக்குதுங்க அக்கா" என்றார் கடைக்காரர், கூசாமல்.

ஒரு கரண்டி உப்பு மணிகளை அடுப்பில் காட்டினார். ஒரு சொட்டு ஊற்றாமலே அது தண்ணீராக உருகியது. எனக்குச் சந்தேகம் இரட்டித்தது.

"நாங்க கலக்கலீங்க. மணி கட்டறப்பவே உப்பு தண்ணியையும் சேத்துக்குது. தண்ணியோட ஹைட்ரஜன் பக்கத்துல இருக்கற அசிடேட்டோட ஆக்சிஜனைப் புடிச்சுக்கும். அந்தப் புடி உட்டுப்போச்சுன்னா மணியே இல்லீங்க."

"அப்பத் தண்ணி இல்லாததே குடுங்க."

வேறொரு மூட்டையைப் பிரித்தார். உள்ளே மைதா மாதிரி வெள்ளைத் தூள். விரலில் தேய்த்துப் பார்த்தேன். இதற்குள் எதை வேண்டுமானாலும் கலக்கலாமே.

"வேண்டாமுங்க. பழைய மணியே போடுங்க."

இப்போது ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன். வெளியே மொபெட்டில் புது மூட்டை இருக்கிறது, அதிலும் அதே ‘ட்ரைஹைட்ரேட்’தான். மகள் வாசலிலேயே அதைப் படித்துவிடுவாள். என்ன சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் போவது என்று யாராவது எழுதுங்கள். அதுவரை இங்கேயேதான் இருப்பேன்.