கண்டக்டர் நடத்தும் தணிக்கைச் சபை

போன சனிக்கிழமை கண்டியில் ஒரு தியேட்டர் வாசலிலிருந்து என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூட வந்தது என் மகள் தர்ஷினி. வயது எட்டு.

"பெரியவங்களுக்கு மட்டும்னு போட்டிருக்கு மிஸ். பிள்ளையைக் கூட்டிக்கிட்டு உள்ள போக ஏலாது" என்றார் டிக்கட் கிழிப்பவர். தர்ஷினியின் முகம் தொங்கிப்போனது. எனக்கோ சந்தோஷம்! போஸ்டரை ஒழுங்காகப் பார்க்காதது என் பிழைதானே. பரவாயில்லை, சட்டத்தை மதிக்க ஒரு மனிதராவது இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பளைக்குத் திரும்ப ஹட்டன் பஸ்ஸில் ஏறினோம். பேராதனை தாண்டவில்லை, கண்டக்டர் டீவியில் ஒரு படத்தைப் போட்டார். முதலில் வந்தது தணிக்கைச் சான்றிதழ் — பெரியவர்களுக்கு மட்டும் என்று கொட்டை எழுத்தில்! பஸ் நிறைய டியூஷன் விட்டு வரும் பிள்ளைகள். யாராவது மூச்சு விட்டார்களா? ம்ஹும்.

கொஞ்ச நேரத்தில் வில்லன் யாரோ ஒருவனைக் கட்டிப்போட்டு, கத்தியை எடுத்து... வேண்டாம், எழுதவே கை கூசுகிறது.

"தம்பி, படத்தை நிப்பாட்டுங்க. சின்னப் பிள்ளைங்க இருக்காங்க" என்றேன்.

"சண்டைதானே அக்கா!" என்று சிரித்துவிட்டுப் போனார் கண்டக்டர். பக்கத்து ஸீட் அம்மாவும், "நல்ல படம் மிஸ், பாருங்க" என்றார்.

அடுத்த காட்சி. ஊருக்குப் போகும் கணவன், மனைவியின் கன்னத்தில் முத்தமிடக் குனிகிறான். அவ்வளவுதான், பஸ்ஸே பதறியது!

"அடேய், படத்தை ஓட்டு ஓட்டு! பொம்பளப் பிள்ளைங்க இருக்குல்ல?" பின் ஸீட்டிலிருந்து ஒருவர் கத்தினார். ஃபுட்போர்டில் நின்ற கண்டக்டர் ஆட்களை இடித்துக்கொண்டு ஓடிவந்து ரிமோட்டை அமுக்கி அந்தக் காட்சியைத் தாண்டவைத்தார்.

இது என்ன நியாயம்? கழுத்தை அறுப்பதைக் குடும்பத்தோடு பார்க்கலாம், கட்டிய மனைவிக்கு முத்தம் கொடுப்பதைப் பார்க்கக் கூடாதா? எந்த நாட்டுத் தணிக்கை இது?

கொதித்துப்போய் மகள் பக்கம் திரும்பினேன். இரண்டு கைகளாலும் கண்ணை இறுக்கப் பொத்திக்கொண்டிருந்தாள். ஐயோ பாவம், பிள்ளை பயந்தே போய்விட்டது! இழுத்து அணைத்து, "பயப்படாதம்மா, வெட்டுக்குத்தெல்லாம் முடிஞ்சிருச்சு" என்றேன்.

விரல் இடுக்கு வழியாக என்னைப் பார்த்தாள்.

"அதைப் பார்த்தேனே! முத்தம் குடுக்குறதுக்குத்தான் பொத்துனேன். வீட்டுல நீங்க அதுக்குத்தானேம்மா சேனலை மாத்துவீங்க?"

தூக்கிவாரிப் போட்டது. கத்திக்கு நான் ஒருநாளும் சேனலை மாற்றியதில்லை!