குருநகர் அக்காவின் குரல்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. குருநகர்க் கடற்கரையில் எடுத்துக்கொண்டிருந்த ஒரு படத்தின் ஒலிப்பதிவாளர், பாதிப் படப்பிடிப்பில் கோபித்துக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார்.
2. படத்தில் முக்கிய வேடத்தில் நடித்த மீன் விற்கும் அக்காவிடம், தாலிக்கொடியைக் கழற்றி வைக்கும்படி அவர் சொன்னதும், அதற்கு அக்கா கொடுத்த பதிலும்தான் காரணம்.
3. இயக்குநர் யாரிடமோ விசாரித்து எனக்குப் போன் செய்தார்.
4. நான் அவரிடம் சில கேள்விகள் கேட்டேன்.
5. அவருக்குப் பதில் தெரியவில்லை. "நீங்களே வந்து பாருங்கோ" என்றார்.
6. போய்ப் பார்த்தேன். வேலையை ஏற்றுக்கொண்டேன்.

அந்தக் கேள்விகளைப் பற்றி இயக்குநர் இன்றைக்கும் மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். என்னிடம் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று நான் அளக்கத் தொடங்குவேன் என எதிர்பார்த்திருக்கிறார். நான் கேட்டவை வேறு. அந்த அக்கா உடுத்துவது பருத்தியா, நைலெக்ஸா? வீட்டுக் கூரை ஓடா, தகரமா? காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது? வள்ளங்கள் எப்போது கரைக்கு வரும்? தேவாலயத்தில் திருநாள் ஏதும் தொடங்கிவிட்டதா? ஒவ்வொன்றும் மைக்கில் வந்து விழக்கூடிய சத்தம்.

எல்லாவற்றையும் அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "தங்கச்சி, நீங்கள் சவுண்ட் செய்ய வாறியளோ, வீடு வாங்க வாறியளோ?" என்றார்.

"ரெண்டுக்கும் உதுகளைத்தான் அண்ணை பாக்கவேணும்."

எங்கள் பக்கத்தில் இந்த வேலைக்கு ஆளைத் தேடி எடுப்பது புதிய பழக்கம். கமராவில் இருக்கும் மைக்கால் ஏதோ பிடிப்பார்கள், பிறகு அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் திரும்பப் பேசி ஒட்டிவிடுவார்கள். நடிப்பவர் நின்ற இடத்திலேயே, அந்த நேரத்திலேயே பேசியதைச் சுத்தமாகப் பிடிப்பதற்கென்று ஒருவர் வேண்டும் என்பது பலருக்கு இன்னும் வீண் ஆடம்பரம். நீர்வேலியில் எங்கள் வீட்டில்கூட விளங்கப்படுத்தச் சிரமப்பட்டேன். கொழும்பில் ஒலித் தொழில்நுட்பம் படித்து முடித்துவிட்டு வந்தபோது அப்பா ஊரெல்லாம் "பிள்ளை சவுண்ட் இஞ்சினியர்" என்றார். அதன் பலனாக, பக்கத்துக் கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டித்தர முடியுமா என்று இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, "நீ சத்தம் போடுற ஆளில்லை, பிடிக்கிற ஆளெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?" என்று என்னையே கேட்டார். நான் அறிந்த மட்டில், என் வேலைக்கு அதைவிட நல்ல விளக்கத்தை யாரும் சொன்னதில்லை.

தயாரிப்பாளருக்கு என்னை வேலைக்கு எடுத்ததில் அரைமனம்தான். கொழும்பில் தொலைக்காட்சித் தொடர்கள் செய்து பழகியவர். முதல் நாளே வெளிப்படையாகச் சொன்னார்.

"கடற்கரையிலை நல்ல சவுண்ட் எடுக்கேலாது, பிள்ளை. படத்திலை அந்த அக்கா மகளோடை போனிலை கதைக்கிற நீளச் சீனை நான் நேரே இருந்து கேப்பன். அது சரிவரேல்லையெண்டால் முழுப் படத்துக்கும் சென்னையிலை ஒரு ஆளைப் பிடிச்சு டப் பண்ணுவம்."

அக்காவே பிறகு வந்து பேசலாமே என்று தோன்றும். திரையில் தன் உதட்டைப் பார்த்து, அதே வேகத்தில், அதே மூச்சில் திரும்பப் பேசுவது தொழிலாகச் செய்பவர்களுக்கே கடினம். ஒன்றிரண்டு வரி சமாளிக்கலாம். முழுப் படம் முடியாது.

இது அக்காவின் காதுக்கும் போயிருந்தது. நான் சட்டைக்குள் ஒட்டும் சின்னக் கொலர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கிட்டப் போனபோது அவர் மீன் பெட்டி கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நீயும் தாலியைக் கழட்டச் சொல்லத்தானே வந்தனி?"

"இல்லை அக்கா."

"முந்தி வந்தவனும் முதல்லை இல்லையெண்டுதான் சொன்னவன். மனுசன் கடலிலை நிக்கேக்கை தாலியைக் கழட்டெண்டு வந்து நிக்கிறான். ஒரு பொம்பிளையிட்டைச் சொல்லுற கதையோ அது? பெட்டியாலை எறிஞ்சிருப்பன். மாதா காப்பாத்தினா, அவனை."

போனவர் கேட்டதற்கும் காரணம் இருந்தது. அக்காவின் கொடியில் தாலியோடு ஒரு மாதா பதக்கமும் கோத்திருந்தது. அவர் குனிந்து நிமிரும்போதெல்லாம் இரண்டும் முட்டிக்கொள்ளும். வெளியே அது கேட்காது. நெஞ்சில் ஒட்டிய மைக்குக்கு அது மணி அடிப்பது போல. ஆனால் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்று நினைத்தது அவருடைய பிழை.

"அக்கா, ரவுண் கடையளுக்குப் பஸ்ஸிலை போகேக்கை கொடியை என்ன செய்வியள்?"

"களவு போகாமல் சட்டைக்குள்ளை ஊசி குத்தி விடுவன். ஏன்?"

"இண்டைக்கும் பஸ்ஸிலை போறதெண்டு நினையுங்கோ."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "உள்ளுக்கு வா" என்றார். தாலியைத் தனியாகவும் பதக்கத்தைத் தனியாகவும் சட்டையின் உள்பக்கம் குத்தினோம். இரண்டுக்கும் மேலே மைக்கை ஒட்டினேன். குனியச் சொன்னேன், திரும்பச் சொன்னேன், ஹெட்போனில் கேட்டேன். சேலை உரசும் சத்தம்கூட இல்லை.

"சரியோ?"

"சரி அக்கா."

"அப்ப கேள். என்ரை மூஞ்சி, வேறை ஒருத்தியின்ரை வாய். அதுதானே செய்யப் போகினம்? பாரிஸிலை இருந்து என்ரை மகள் உந்தப் படத்தைப் பாத்தா, தாய்க்குப் பேய் பிடிச்சதெண்டு நினைப்பாள். விடாதை."

"விடமாட்டன்" என்றேன். அப்படி வாக்குக் கொடுப்பது என் வழக்கமில்லை.

அதன் பிறகு நாங்கள் சிநேகிதமாகிவிட்டோம். காட்சி முடிந்ததும் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி அந்த இடத்தின் வெறும் ஓசையைப் பதிவுசெய்வேன். வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அது வேண்டும். அக்காவுக்கு அதுதான் பெரிய வேடிக்கை. "எல்லாரும் வாயை மூடுங்கோ, இவள் ஒண்டுமில்லாததைப் பிடிக்கப் போறாள்" என்று இயக்குநருக்கு முன்னரே அறிவித்துவிடுவார்.

சேர்ந்திருந்து கதைத்ததில் ஒன்றைக் கவனித்தேன். வெளிநாட்டில் இருக்கும் தன் மகளைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அக்கா வலக்கையால் நெஞ்சில் அடித்துக்கொள்வார். அவருக்கே தெரியாமல் அந்தக் கை எழும்பும். ஒத்திகைகளில் அது வரவில்லை. வசனத்தை நினைவில் வைத்திருக்கும் கவலையில் கை சும்மா கிடந்தது. உண்மையான காட்சியில் வரும் என்று எனக்குத் தோன்றியது. அவர் அடிக்கும் இடத்தில்தான் மைக் இருந்தது. அடிக்க வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. சொன்னால் அந்தக் காட்சியே செத்துவிடும்.

எனவே நீளக் கம்பில் இரண்டாவது மைக்கைக் கட்டி, காட்சி நடக்கும் சமையற் குசினியின் மூலையில் ஒரு வாங்குப் பலகையின்மேல் ஏறி நின்று, கமராவுக்குத் தெரியாமல் அவருடைய தலைக்கு மேலே பிடித்துக்கொண்டேன். அதை ரெக்கோடரில் தனியாகப் பதிந்தேன். தயாரிப்பாளரின் ஹெட்போனுக்குக் கொலர் மைக் மட்டும் போனது.

காட்சி தொடங்கியது. மீனைச் செதில் சீவிக்கொண்டே, பானையில் சாத்திய போனைப் பார்த்து அக்கா பேசுகிறார். முதலில் சண்டை, பிறகு சமையல் விசாரிப்பு, பிறகு "எப்ப வருவாய்" என்ற கேள்வி. அந்தக் கேள்விக்குப் பிறகு எழுதியிருந்த வசனத்தை அவர் விட்டுவிட்டார். தன் சொந்த வார்த்தைகளில் கதைக்கத் தொடங்கினார். கை எழும்பியது. நெஞ்சில் விழுந்தது. திரும்பத் திரும்ப விழுந்தது. தயாரிப்பாளர் முகத்தைச் சுளித்து ஹெட்போனைக் கழற்றுவதை மூலையிலிருந்து பார்த்தேன். என் தோள்கள் இரண்டும் நெருப்பாக எரிந்தன. கம்பை அசைக்கவில்லை.

இயக்குநர் "கட்" சொன்ன பிறகும் அக்கா அழுதுகொண்டிருந்தார். இன்னொரு தரம் எடுக்கலாமா என்று கேட்க யாருக்கும் துணிவில்லை.

தயாரிப்பாளர் என்னிடம் வந்தார். "போச்சுது. டமார் டமாரெண்டு இடி மாதிரிக் கிடக்கு. நான் சொன்னனான்தானே?"

"இதைக் கேளுங்கோ, சேர்" என்று, கம்பு மைக்கில் பதிந்ததை மட்டும் போட்டுக் கொடுத்தேன்.

அவர் நின்றபடி கேட்கத் தொடங்கி, பாதியில் வாங்கில் உட்கார்ந்துவிட்டார். அதில் செதில் சீவும் சத்தம் இருந்தது. குரல் உடையும் இடம் இருந்தது. கை நெஞ்சில் விழும் சத்தமும் இருந்தது, ஒரு மனுஷியின் கை ஒரு மனுஷியின் நெஞ்சில் விழும் அளவுக்கு மட்டும். முடிந்ததும் அவர் ஹெட்போனைக் கழற்றாமல் என்னைப் பார்த்தார்.

"ரெண்டாவது மைக் இருக்கெண்டு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை, சேர்."

இயக்குநர் சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டார். தயாரிப்பாளர் ஹெட்போனைக் கழற்றி என் கையில் தந்து, "சென்னை வேண்டாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும். நான் படித்ததற்குக் கிடைத்த சான்றிதழைவிட அந்த இரண்டு சொல் பெரிதாக இருந்தது.

அக்காவும் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஹெட்போனைத் தலையில் கோணலாக மாட்டி, கடைசி மட்டும் கேட்டார்.

"இவ்வளவு கரகரப்போ என்ரை தொண்டை?"

"ஓம் அக்கா."

"பரவாயில்லை. என்ரைதானே." என் தோளை நான் பிசைவதைக் கண்டுவிட்டு, "நல்லாக் கம்பு பிடிக்கிறாய். வலை இழுக்க ஆள் காணாது, வாறியோ?" என்றார்.

இப்போது நிலைமை இது. படம் வெட்டி முடிந்திருக்கிறது, இன்னும் வெளிவரவில்லை. வள்ளத்தின் இயந்திரச் சத்தம் விழுந்த இரண்டு வரிகளை அக்காவே வந்து அறைக்குள் இருந்து பேசிக் கொடுத்தார். மற்ற எல்லாம் அவர் அங்கே, அந்த நேரத்தில் பேசியவை. அதே தயாரிப்பாளரின் அடுத்த தொடருக்கு என்னை எடுத்திருக்கிறார்கள். இடம் பார்க்கப் போகும்போதே என்னையும் கூட்டிப்போக வேண்டும் என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். போன கிழமை கரவெட்டியில் மூன்று வீடுகள் பார்த்தோம். எல்லாருக்கும் பிடித்திருந்த வீட்டை நான் வேண்டாம் என்றேன். பின்மதிலுக்கு அந்தப் பக்கம் அரைக்கும் ஆலை இருக்கிறது. வேறு வீடு தேடுகிறார்கள்.