தாலிக்கொடி தேட அனுமதி கேட்டுப் போன சனிக்கிழமை

இந்தப் பயணம் ஆசைக்குப் போனதில்லை, பயத்துக்குப் போனது. கடந்த வெள்ளிக்கிழமை என் மனைவி கலாவின் தாலிக்கொடி தொலைந்துவிட்டது. நாளை செவ்வாய்க்கிழமை எனக்கு இருதய பைபாஸ் ஒப்பரேசன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எங்கள் வீட்டில் மூன்று நாளாக ஏன் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது உங்களுக்கு விளங்கும்.

ஸ்டுட்கார்ட்டைச் சுற்றி வீதியோரமாகப் பூந்தோட்டங்கள் இருக்கின்றன. இறங்கி, வேண்டிய பூவை நாமே வெட்டி, காசை உண்டியலில் போட்டுவிட்டுப் போகலாம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற வழியில், எங்கள் வீட்டிலிருந்து 38 கிலோமீட்டரில் உள்ள ஒரு தோட்டத்தில் இறங்கினோம். ஒப்பரேசனுக்கு முன் அர்ச்சனை செய்வதற்காகப் போனதால் கலா பதினொரு பவுண் கொடியைப் போட்டிருந்தாள். பூ வெட்டும்போது நான் எடுத்த படத்தில் கொடி கழுத்தில் இருக்கிறது. கோயிலில் கால் கழுவும்போது இல்லை. காரை இருக்கை கழற்றித் தேடியாயிற்று. தோட்டத்துப் பலகையிலோ, திங்கட்கிழமை எல்லாவற்றையும் வெட்டி உழப்போவதாக எழுதியிருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு கடையில் மெட்டல் டிடெக்டர் வாடகைக்கு எடுத்தேன். நாளுக்கு 25 யூரோ, முன்பணம் 150. கடைக்காரர் தெளிவாகச் சொன்னார்: நிலச் சொந்தக்காரர் சம்மதிக்காமல் காணிக்குள் கால் வைக்காதே, பழங்காலப் பொருள் தேடுவதென்றால் அதற்கு அரசாங்க அனுமதி வேறு, பெரிய இரும்பு என்று மெசின் கத்தினால் தோண்டாதே, உலகப்போர்க் குண்டாகவும் இருக்கலாம். கடைசி வசனத்தை நான் இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். எங்கள் நாட்டில் போர் முடிந்து ஊருக்குப் போனபோது, இதே மாதிரி மெசினோடு ஆட்கள் அடி அடியாகக் கண்ணிவெடி தேடியதை வீதியோரம் நின்று பார்த்தவன் நான். அவர்கள் முட்டுக்காலில் இருந்து மண்ணைத் தடவிய விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பகல் 1.20க்கு வெளிக்கிட்டோம். கலா விடியவே உருளைக்கிழங்குக் கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த பன்னிரண்டு ரோல்ஸை ஒரு பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தாள். உதவி கேட்டுப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாதாம். அவள் கழுத்தில், கொடிக்குப் பதிலாக, மஞ்சள் துண்டு கட்டிய கயிறு. பாதி வழியில் வாய் திறந்தாள்.

"இஞ்சருங்கோ, அங்க போய் தாலி துலைஞ்சு போச்செண்டு உங்கட வாயால சொல்லிப்போடாதேங்கோ."

"ஜெர்மனில அதுக்கொரு சொல்லே இல்லையப்பா."

"இல்லாட்டிலும் சொல்லாதேங்கோ."

சிரிக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. ஒப்பரேசனுக்கு நாலு நாளைக்கு முன் பெண்சாதியின் கழுத்துத் தாலி போனால், கடவுளே, நம்பாதவனுக்கும் நெஞ்சுக்குள் ஏதோ செய்யும்.

தோட்டத்துப் பலகையில் விலாசம் போட்டிருந்த பண்ணை வீட்டுக்கு 2.05க்குப் போய்ச் சேர்ந்தோம். கலா காரில் இருந்தாள். நான் ஒரு கையில் ரோல்ஸ் பெட்டி, மறுகையில் மெசினோடு வாசலில் நின்றேன். முதலில் வந்தது நாய், என் இடுப்பு உயரம். பிறகுதான் பண்ணைக்கார அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும், முழங்கால் வரை சேறு.

"உங்கள் தோட்டத்தில் தேட அனுமதி வேண்டும்," என்றேன்.

"என்ன தேட?"

கலா சொன்னது நினைவுக்கு வந்தது. "ஒரு பழைய தங்கச் சாமான்," என்றேன். "மண்ணுக்குள் கிடக்கலாம்."

அவர் முகம் கல்லாகிவிட்டது. போன வருடம் இப்படித்தான் புதையல் தேடி யாரோ களவாக வந்து தோட்டம் முழுக்கக் குழி தோண்டிவிட்டுப் போனார்களாம். நான் ரோல்ஸ் பெட்டியை நீட்டினேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"இது எதற்கு? லஞ்சமா?" என்றவர் கைபேசியை எடுத்தார். "போகிறீர்களா, பொலிசைக் கூப்பிடட்டுமா?"

அகதியாக வந்து முப்பது வருடமாயிற்று, குடியுரிமையும் எடுத்தாயிற்று. ஆனாலும் பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டால் என் கை தன்பாட்டில் பொக்கற்றுக்குள் பாஸ்போட்டைத் தேடும். அன்றும் தேடியது. நெஞ்சு இறுகி, சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

கார்க் கதவு அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. கலா முதியோர் இல்லத்தில் இருபது வருடமாக வேலை செய்கிறாள், அவளுடைய ஜெர்மன் என்னுடையதைவிடத் திறம். நேரே வந்து, நாயையும் பார்க்காமல் சொன்னாள்: "தொலைந்தது என் கல்யாணச் சங்கிலி. உங்கள் பூவை வெட்டும்போது விழுந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை இவருக்கு நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். இந்த நேரத்தில் அது தொலைந்தால் புருசனுக்குக் கூடாது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது."

என்னைச் சொல்லவேண்டாம் என்றவள்தான், எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அழுதாள். நான் கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். பண்ணைக்காரம்மா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாயை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். "இதை முதலே சொல்லியிருக்கலாமே," என்றார்.

மூன்று மணிக்குத் தேடத் தொடங்கினோம். மெசின் கீச்சிட்ட முதல் இடத்தில் நான் அப்படியே விறைத்துப்போனேன். குனியக் கால் மடங்கவில்லை. பண்ணைக்காரம்மாதான் முட்டுக்காலில் இருந்து விரலால் மண்ணைக் கிளறினார். சோடா மூடி. அடுத்ததும் சோடா மூடி. அதற்கடுத்தது ஒரு துருப்பிடித்த கத்தரிக்கோல். ஒவ்வொரு சத்தத்துக்கும் கலா முருகா முருகா என்றாள், நான் வெடிக்குமோ என்று கண்ணை மூடினேன். ஆறரைக்கு எனக்கு மூச்சு வாங்கியது, மழையும் பிடித்தது. தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட முடியவில்லை. கொடி கிடைக்கவில்லை.

கலா சேற்றிலேயே இருந்துவிட்டாள். பண்ணைக்காரம்மா அவளைத் தூக்கிவிட்டு, இருவரையும் குசினிக்குள் கூட்டிப்போய்த் தேநீர் தந்தார். ரோல்ஸில் இரண்டு சாப்பிட்டார், உறைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒரு தாள் எடுத்து எழுதினார்: திங்கட்கிழமை அந்தத் தோட்டம் உழப்படாது. மார்ச் மாதம் வரை வேறு யாரும் அங்கே தேடக்கூடாது. மார்ச்சில் இன்னார் நேரில் வந்து தேடலாம். அந்த இன்னார் நான்.

"இவருக்கு ஏலாட்டி நான் வந்து தேடலாமோ எண்டு கேளுங்கோ," என்றாள் கலா, பதற்றத்தில் ஜெர்மன் மறந்து. கேட்டேன்.

"இல்லை," என்றார் அவர். "உங்கள் பெயரில்தான் எழுதியிருக்கிறேன். நீங்கள்தான் வரவேண்டும்."

இப்படித் தேடப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். முதலில் தொலைபேசியில் டேர்மின் எடுங்கள், அதாவது சந்திக்க நாளும் நேரமும் கேட்டு வையுங்கள். மெசினைக் காரில் விட்டுவிட்டு வாசலுக்குப் போங்கள். என்ன தொலைந்தது, யாருடையது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், படம் இருந்தால் காட்டுங்கள். பலகாரத்தைப் பிறகு கொடுங்கள். அனுமதியைத் திகதியோடு எழுத்தில் வாங்குங்கள்.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. நாளை காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் நிற்கவேண்டும். அந்தத் தாளைக் கலா என் ஆஸ்பத்திரிப் பையில், காப்புறுதி அட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். இன்று மெசினைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றுக்கு அதையே திரும்பவும் பதிந்துவிட்டு வந்தேன்.

"முன்பணம் குடுத்திட்டியளோ?" என்று கேட்டாள் கலா.

"ஓம்."

"அப்ப கட்டாயம் போகத்தான் வேணும்," என்றாள்.