ஸ்டெல்லா டீச்சர் கேட்ட முப்பது அடிச் சரிவு

“பையை எடுத்துக்கிட்டு ஆபீஸ் ரூமுக்குப் போ” என்று வகுப்பாசிரியை சொன்னபோது, பள்ளிக்கூட மணியின் நாக்கில் துணி சுற்றியது நான்தான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். போகிற வழியிலேயே மூன்று பொய் தயார் செய்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. தலைமையாசிரியை எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். அத்தை தம் பள்ளியில் மூன்றாம் பீரியட் முடித்து வந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அவரிடம் படித்த உங்களுக்கு அவர் ஸ்டெல்லா டீச்சர். பத்தாம் வகுப்புக் கணக்கு, வீல்சேர், மன்னிக்கவே மன்னிக்காத சிவப்பு மை. எனக்கு அப்பாவின் அக்கா, எங்களோடு இருந்தவர். உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். தம் வீட்டுக்குள் அவர் முன்வாசல் வழியாக நுழைந்து ஐந்து வருடமாகிறது.

ரோடு உயர்ந்துகொண்டே போகிறதென்று அப்பா வீட்டை உயர்த்திக் கட்டினார். வாசலுக்கு ஐந்து படி வந்தது. அத்தை கிராஃப் தாளில் வீல்சேர் ஏற ஒரு சரிவுப் பாதை வரைந்து கொடுத்தார். “ஒரு அடி ஏறணும்னா பன்னெண்டு அடி ஓடணும், தம்பி. ரெண்டரை அடிக்கு முப்பது அடி. நம்ம வாசல் இருபதடிதான். அதனால பாதை ஒரு தடவை திரும்பட்டும். திரும்புற எடத்துல ஒரு நந்தியாவட்டை வையி, அழகா இருக்கும்.”

அப்பா தாளை வாங்கி மடித்தார். “மொதல்ல வாசல்ல புல்லு புடிக்கட்டும்க்கா. பொறகு பாத்துக்கலாம்.”

புல் பிடிக்கவில்லை. திருச்சியிலிருந்து கொரியன் புல் மூன்று தடவை வந்தது. எங்கள் சரளை மண்ணும் புதுக்கோட்டை வெயிலும் மூன்று தடவையும் அதை வைக்கோலாக்கின. “கொரியன் இல்லப்பா, இது எரியன் புல்லு” என்றேன். அடி விழுந்தது. நடுவே கிரானைட் படிகள் மட்டும் பளபளத்தன. அவற்றின் ஓரத்தில், அப்பாவின் பைக் ஏற ஒன்றரை அடி அகலத்தில் செங்குத்தாக ஒரு சரிவு.

அதைப் பார்த்து அத்தை ஒருநாள் சொன்னார்: “என்னையும் ஒரு வண்டின்னு நெனச்சு கொஞ்சம் அகலமாப் போட்டிருக்கலாம்.” எல்லோரும் சிரித்தோம். அவர் வழக்கம்போலப் பக்கத்துச் சந்தில் திரும்பி, துவைக்கிற கல்லைத் தாண்டி, சோப்புத் தண்ணீரில் சக்கரம் நனைய அடுப்படிக் கதவு வழியாக உள்ளே வந்தார்.

அப்பாவுக்கு உறைக்கட்டும் என்று அந்தச் சரிவில் ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டேன்: ‘வண்டிகள் மட்டும். அத்தைகள் பின்பக்கம் செல்லவும்.’ வந்த சொந்தக்காரர்கள் போட்டோ எடுத்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டு, இரண்டு நாள் அதை அப்படியே விட்டுவைத்தார். அத்தைதான் கழற்றச் சொன்னார். “எழுத்துப்பிழை இல்லடி, வாலு. ஆனா வெக்கம் வர வேண்டியவங்களுக்குச் சிரிப்புல்ல வருது?” என் குறும்புகளில் இவ்வளவு கேவலமாகத் தோற்றது வேறொன்றும் இல்லை.

அடக்கத்தன்று பெட்டியை முன்வாசல் வழியாகத்தான் இறக்கினார்கள். “மெதுவா, படி இருக்கு… பாத்து, படி…” என்று ஆறு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். ஐந்து வருடமாக யார் கண்ணுக்கும் படாத அந்தப் படி அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

போன வாரம் அப்பா அந்தக் கிராஃப் தாளோடு வாசலில் நின்று டேப் பிடித்து அளந்தார். “சரியாத்தான் போட்ருக்கா அக்கா. முப்பதடி திரும்பி வந்து கதவுல நிக்கிது” என்றார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவர் போட்ட கணக்கு என்றைக்கப்பா தப்பியது? உள்ளே போய்விட்டேன்.

அத்தையின் பொறுமையை எனக்கென்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அது அவருக்கு ஒன்றும் வாங்கித் தரவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்: எங்கே போனாலும் வாசலில் நின்று, அத்தை எப்படி ஏறுவார் என்று பார்ப்பது. நினைவுக் கூட்டத்துக்கு நீங்கள் பிடித்திருக்கிற மண்டபத்தையும் நேற்று போய்ப் பார்த்தேன்.

ஏழு படி. டீச்சர் உயிரோடு இருந்தாலும் வந்திருக்க முடியாது.