புல்லில் இறங்காத அக்கா

அக்கா என் தலைமயிரைப் பிடித்திழுத்துக் கன்னத்தில் விட்ட அறை இன்னும் காதுக்குள் கேட்கிறது. டார்ம்ஸ்டாட்டுக்குத் தெற்கே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் தார்ப்பாதை அது. கொப்புளம் உடைந்து கால் எரிந்ததால், சப்பாத்தைக் கழற்றலாமென்று ஓரத்துப் புல்லில் இறங்கினேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான். "விசரி! றோட்டுக்கு ஏறு! வைச்ச அடியிலேயே காலை வைச்சு வா!" என்று கத்தியபடி என்னை இழுத்தெடுத்தார். சைக்கிளில் வந்த ஜேர்மன் கிழவர் ஒருவர் நின்று, பொலிசைக் கூப்பிடவா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம், இவர் என் சிநேகிதி என்றேன். பாவம், மனுசன் நம்பவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்தோம். சொந்தமொன்றுமில்லை, என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா. நான் சிறுபிள்ளையிலேயே இங்கு வந்துவிட்டேன். அவர் போர் முடிந்தபின் வன்னியிலிருந்து வந்தவர். கண்ணிவெடியில் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தப் பணம் சேர்க்கும் நெடுநடை ஒன்றை இங்குள்ள தமிழ்ச்சனம் ஒழுங்குசெய்தபோது, முதலில் பெயர் கொடுத்தவர் அக்காதான். ஞாயிறு விடிந்தால் போதும், என்னையும் இழுத்துக்கொண்டு பயிற்சிக்குப் புறப்பட்டுவிடுவார். கால்நகம் கறுத்துக் கழன்றபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். ஆனால் தாரை விட்டு ஓரடி விலகமாட்டார்.

அறைந்த அன்றுதான் காரணத்தைச் சொன்னார், தார்ப்பாதையிலேயே குந்தியிருந்து. ஊருக்குத் திரும்பக் குடியேறிய புதிதில், மாட்டைத் திருப்புவதற்காக அவருடைய தம்பி ஒழுங்கைப் பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்கியிருக்கிறான். "நான் பாத்துக்கொண்டு நிண்டனான். வெடிச்சுது. முழங்காலுக்குக் கீழை ஒண்டுமில்லை. அக்கா, அக்கா எண்டு குழறினான். எனக்குப் புல்லுக்கை கால் வைக்க ஏலாமப் போச்சு." ஆட்கள் வந்து தூக்குவதற்குள் இரத்தம் ஓடியே தம்பி செத்துப்போனான். சொல்லி முடித்தவர் கையைப் பொத்தித் தன் தொடையிலேயே குத்தினார். நான் பிடித்து நிறுத்தும்வரை குத்திக்கொண்டே இருந்தார்.

நடையின் பாதையை அறிவித்தார்கள். நடுவில் பெரியதொரு புல்வெளி. அதைக் கடக்காவிட்டால் நடை கணக்கில் வராது.

"அக்கா, இது ஜேர்மனி. இங்கை ஆர் வெடி புதைக்கிறது?"

"போன மாதம் ஸ்டேஷனடியிலை குண்டு கிண்டி எடுத்தவங்கள் எல்லோ!"

உலகப்போர்க் காலத்துக் குண்டு அது.

"அப்ப பேரை வெட்டுங்கோ."

"செத்தாலும் வெட்டமாட்டன்."

அடுத்த ஞாயிறு அந்தப் புல்வெளிக்கே போனோம். நான் முன்னால் நடந்தேன். அக்கா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, நான் மிதித்த இடத்தில் மட்டும் மிதித்து, என்னைத் திட்டித் தீர்த்துக்கொண்டே வந்தார். பாதிவழியில் 'டமார்' என்றது. அடுத்த கணம் என் முகம் சேற்றில் இருந்தது. மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது. எனக்கு அடியில் அகப்பட்ட மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அக்கா தன் உடம்பு முழுவதையும் என்மேல் போட்டு மூடிக்கொண்டு, "அசையாதை! அசையாதை!" என்று என் காதுக்குள் அலறினார்.

"அக்கா, குருவி கலைக்கிற வெடியக்கா! ஐயோ, என்ரை கை!"

திராட்சை பழுக்கும் காலத்தில் தோட்டக்காரர் வைக்கும், விட்டுவிட்டு வெடிக்கும் வெறும் சத்தவெடிதான். அக்கா எழுந்து, வளைந்து கிடந்த என் கையைப் பார்த்தார். விழுந்ததில் என் கைபேசி நொறுங்கிவிட்டது, அவருடையது காரில் கிடந்தது. புல்வெளியின் மறுகரையில் தோட்டக்காரர் டிராக்டரோடு நின்றார். எங்களுக்கும் அவருக்கும் நடுவே முழங்காலளவு புல், யாரும் மிதிக்காத புல். அக்காவின் முகத்தில் இரத்தமே இல்லை. இவர் இப்படியே நிற்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

சில வாரங்களில் நடை வந்தது. நான் கட்டுப்போட்ட கையோடு கரையில் நின்று பார்க்க, அக்கா எல்லோரோடும் சேர்ந்து அந்தப் புல்வெளியைக் கடந்தார். சனம் கைதட்டியது. இப்போதும் குளிர் தொடங்கினால் மணிக்கட்டு உளையும், அப்போது எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் கைதட்டல் இல்லை. நான் கை முறிந்து கிடந்த அன்று, இரண்டாவது வெடி கேட்டதும் அக்கா ஓடிய ஓட்டம்தான். புல்லைக் கிழித்துக்கொண்டு, விழுந்து எழும்பி, அந்த ஜேர்மன் தோட்டக்காரரை நோக்கித் தமிழில் கத்திக்கொண்டே ஓடினார்:

"வாறன்ரா தம்பி! இந்தா, அக்கா வாறன்!"